பஸ் எங்க நிக்கும்னு சொன்ன ஆளு

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு டிவில 590க்கு மேல எடுத்த பசங்களுக்கு அப்பா அம்மா ஸ்வீட் ஊட்டுறத காட்டுவாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும், அவங்க உழைப்புக்கு அந்த வெளிச்சம் தேவைதான். ஆனா சில வருஷமாவே அந்த நாள் வந்தா என் மனசு 350, 410, 460 எடுத்த பசங்க பக்கம்தான் போகுது. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அப்பா கூலி வேலை இல்லன்னா செங்கல் சூளை, அம்மா நூறு நாள் வேலை. இவங்க எல்லாரும் பாஸ். 2025ல நம்ம மாநில பாஸ் பர்சன்டேஜ் 95.03, அதனால பாஸ் ஆகுறதுங்கறது இப்ப பெரிய மதில் கிடையாது. மே மாசம் ஸ்கூல் கேட்டை விட்டு வெளிய வந்த பொண்ணு ஆகஸ்ட்ல காலேஜ் கேட்டுக்குள்ள போச்சா இல்லையாங்கறதுதான் கேள்வி, நடுவுல இருக்கற அந்த மூணு மாசத்த பத்திதான் இந்தப் பதிவு.

இத எழுதணும்னு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. யார்கிட்ட பேசினாலும் "பாவம், காசு இல்லாமதான் படிக்க முடியல" அப்படின்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. காசு பிரச்சனை இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா நம்ம ஊருல காசுக்குன்னு இருக்கற வழிய ஒருதடவ எண்ணிப் பாருங்க. ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பசங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு. அடுத்த வருஷமே இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு மத்த தொழில் படிப்புகளுக்கும் வந்துச்சு. 2021 செப்டம்பர்ல, அப்படி கவுன்சலிங் வழியா சேர்ற பசங்களோட படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே கட்டும்னு அறிவிச்சாங்க. வீட்டுல முதல் பட்டதாரின்னா தனி சலுகை. பொண்ணுங்களுக்கு 2022 செப்டம்பர் 5லேர்ந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா, பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்லேர்ந்து தமிழ்ப் புதல்வன்ல அதே ஆயிரம். எஸ்சி எஸ்டி பசங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். அரசு கலைக் கல்லூரில அப்ளிகேஷன் போட ஆகுற செலவே 50 ரூபா, எஸ்சி எஸ்டின்னா வெறும் 2 ரூபா. இவ்வளவும் இருந்தும் எங்க பகுதில இன்ஜினியரிங்குக்கு 200க்கு 160க்கு மேல கட்-ஆஃப் மார்க் வெச்சிருந்த பொண்ணு தனியார் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் கோட்டால காசு கட்டி சேரப் பாத்துச்சுன்னா, அத வெறும் காசு இல்லாத கதைன்னு எப்படி சொல்றது?

எல்லாரும் வீட்டுக்கு வராங்க

விழுப்புரம் பக்கம் நாங்க கொஞ்ச பேரு சேர்ந்து ரிசல்ட் சமயத்துல அரசுப் பள்ளி பசங்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறது, சர்டிபிகேட் வாங்க கூடப் போறது, இந்த மாதிரி வேலை பாக்குறோம். அமைப்புன்னு பேரு எல்லாம் கிடையாது. ரெண்டு டீச்சர், ஒரு எல்ஐசி ஏஜென்ட், காலேஜ் முடிச்ச சில தம்பி தங்கச்சிங்க, அப்புறம் நான். இதுல இறங்கின பிறகுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ரிசல்ட் வந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள அந்தப் பசங்க வீட்டுக்கு ஏகப்பட்ட பேரு வராங்க. தனியார் காலேஜ் அட்மிஷன் புரோக்கர் வராரு. பசங்களோட ஃபோன் நம்பர், மார்க், எந்தத் தெரு எல்லாம் அவர் கைல இருக்கு, எப்படிக் கெடைச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு ஆள் எடுக்கற காண்ட்ராக்ட்காரர் வராரு. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர்னு வேன் வந்து நிக்கும், மாச சம்பளம், தங்க இடம், சாப்பாடு, "அட்வான்ஸ் வேணும்னாலும் சொல்லுங்கண்ணே". பொண்ணு வீடா இருந்தா சொந்தக்காரங்க மாப்பிள்ளை ஜாதகத்தோட வராங்க. இத்தனை பேரும் வந்து திண்ணைல உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, அப்பா கண்ணப் பாத்துப் பேசுறாங்க.

அரசு குடுக்கற எதுவும் அப்படி வீடு தேடி வர்றதில்ல. எல்லாம் நல்ல திட்டம்தான், ஆனா பொண்ணுதான் அதைத் தேடிப் போகணும். ஒரு வெப்சைட், அதுல ஒரு லாகின், ஒரு ஓடிபி, ஒரு கடைசி தேதி. அந்த ஓடிபி எங்க போகும்? ஸ்கூல்ல சேர்க்கும்போது குடுத்த நம்பருக்குப் போகும், அது பெங்களூர்ல கட்டட வேலைல இருக்கற மாமா நம்பரா இருக்கும், அவர் சாயங்காலம் வேலை விட்டு வந்துதான் ஃபோனை எடுப்பாரு, அதுக்குள்ள ஓடிபி காலாவதி ஆகிடும். இ-சேவை மையத்துல கரண்ட் போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு அரை நாள் போகும். ஒரு சர்டிபிகேட்டுக்கு 60 ரூபா. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்னு மூணு போட்டா 180. அதுவும் ஆன்லைன்ல போட்டதோட முடியல, விஏஓ பாக்கணும், ஆர்ஐ பாக்கணும், அப்புறம் தாசில்தார் ஆபீஸ். ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கும், மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ரேஷன் கார்டுல பொண்ணு பேருல ஒரு எழுத்து மாறி இருக்கும், இதுல எது சரின்னு கேட்டு மனுவ திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பா ஒரு நாள் அலைஞ்சா அன்னைக்கு கூலி போச்சு. ரெண்டாவது நாளும் அலைஞ்சா மேஸ்திரி வேற ஆள வெச்சிடுவாரு. இப்படி அலையுற அப்பாகிட்ட ஒருத்தர் வந்து "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேண்ணே, நீங்க ஒரிஜினலை மட்டும் குடுங்க" அப்படின்னா அவர் குடுக்கத்தான் செய்வாரு.

இருளர் குடியிருப்புல இருக்கற பசங்களுக்கு இது இன்னும் பல மடங்கு. எஸ்டி சான்றிதழ் தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர், இல்லன்னா சப் கலெக்டர் குடுக்கணும், விசாரணை நடக்கணும். அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டுல பையன் மே மாசம் போய் நின்னு ஜூன்ல வாங்கணும்னா நடக்கற காரியமா? அந்த வேலைய பத்தாவது முடிச்ச உடனே ஆரம்பிக்கணும். பிளஸ் டூ முடிச்ச பிறகு ஓடி வந்து உதவி பண்ற எங்கள மாதிரி ஆளுங்களால அங்க பெருசா ஒண்ணும் செய்ய முடியறதில்ல, இது எனக்கு இப்பவும் ஆறாத விஷயம்.

ரேஷன் கார்டு கவர்ல இருந்த பேப்பர்

நான் மேல சொன்ன 160க்கு மேல கட்-ஆஃப் வெச்சிருந்த பொண்ணுக்கு வரேன். கணக்குல நல்ல மார்க், ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி சுமார். கணக்குக்கு 100, மத்த ரெண்டுக்கும் அம்பது அம்பதுன்னு 200க்கு போடுற கணக்கு உங்களுக்கே தெரியும். 7.5ல அவளுக்கு நல்ல எடத்துல சீட் கெடைக்க வாய்ப்பு இருந்துச்சு. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் அவ பேர லிஸ்ட்ல போட்டு எங்ககிட்ட குடுத்திருந்தாங்க. ஃபோன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். சரின்னு நானும் அவ கிளாஸ் டீச்சரும் ஒரு சாயங்காலம் நேர்லயே வீட்டுக்குப் போனோம். போனா, அவ ஏற்கனவே ஒரு தனியார் காலேஜ்ல "சேர்ந்தாச்சு". புரோக்கர் வந்து ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி ரெண்டையும் வாங்கிட்டு, அட்வான்ஸா ஐயாயிரம் ரூபாயும் வாங்கிட்டுப் போயிருந்தாரு. மேனேஜ்மெண்ட் கோட்டா. அப்படிப் போனா 7.5 கிடையாது, முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, ரெண்டுமே கவுன்சலிங் வழியா போறவங்களுக்குத்தான். வீட்டுல யாருக்கும் இது தெரியாது.

டீச்சர் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. கவுன்சலிங்னா என்ன, ரவுண்டுனா என்ன, அரசாங்கமே ஃபீஸ் கட்டும், ஒரு ரூபா கூட வேண்டாம். அப்பா தலைய குனிஞ்சு கேட்டுட்டே இருந்தாரு. அம்மா எழுந்து உள்ள போய் ரேஷன் கார்டு வெச்சிருக்கற பிளாஸ்டிக் கவர எடுத்துட்டு வந்தாங்க. அதுக்குள்ள நாலா மடிச்ச கோடு போட்ட நோட்டுப் பேப்பர் ஒண்ணு. புரோக்கர் கையெழுத்து. நான் வாங்கிப் படிச்சேன். "காலை 7.10, தண்ணி டேங்க் ஸ்டாப். காலேஜ் பஸ் மஞ்சள் கலர். டிரைவர் நம்பர். மாலை 5.45 அதே ஸ்டாப்." அதுக்குக் கீழ, "பொண்ணுங்க முன் சீட்டு, பையனுங்க பின்னாடி. ஒடம்பு சரியில்லன்னா மேடம் ஃபோன் பண்ணுவாங்க", பக்கத்துல ஒரு பேராசிரியர் நம்பர். கடைசில, "பக்கத்து ஊரு பொண்ணு ரெண்டு பேரு இதே பஸ்ல வராங்க", அவங்க அப்பா பேரோட. அவ்வளவுதான். அந்தப் பேப்பர்ல எந்த பிராஞ்ச்னு இல்ல, ஃபீஸ் எவ்வளவுன்னு இல்ல, வேலை கெடைக்குமான்னும் இல்ல.

அம்மா கேட்டாங்க, "தம்பி, நீங்க சொல்ற கவருமெண்டு காலேஜுக்கு பஸ் எங்க நிக்கும்? புள்ள எத்தன மணிக்கு வூட்டுக்கு வரும்?"

அந்தக் கேள்வில எனக்கு ஒண்ணு பட்டுனு புரிஞ்சுது. நாங்க எல்லாரும், அரசு கையேடு, யூட்யூப் வீடியோ, எங்க டீம் பிரிண்ட் போட்ட நோட்டீஸ் உட்பட, கோர்ஸ் பத்தியும் கட்-ஆஃப் பத்தியும் வேலை வாய்ப்பு பத்தியும்தான் பேசிட்டு இருக்கோம். அது எல்லாமே பொண்ணுக்கு வேண்டிய பதில். வீட்டுல முடிவு எடுக்கறவங்களோட கேள்வி வேற. புள்ள எப்படிப் போகும், யார் கூடப் போகும், இருட்டுறதுக்குள்ள வருமா, ஏதாச்சும்னா யாருக்கு ஃபோன் போடணும், காசு என்னைக்கு வேணும், மொத்தமாவா பிரிச்சா? காலேஜையே பாக்காத வீட்டுல இதுக்கு மேல வேற எந்தக் கேள்வி வரும்? அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ ஒருத்தர் காலேஜ் போயிருந்தா இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுலயே தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டுல அப்படி யாரும் இல்ல. அந்த இடத்துல புரோக்கர் வந்து உக்காந்துட்டாரு. அவர் பண்ணது ஏமாத்து வேலை, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா அந்த அம்மாவோட கேள்விய மதிச்சு, ஒரு பேப்பர்ல பதில் எழுதிக் குடுத்த ஆளும் அவர்தான்.

அந்தப் பேப்பர திருப்பி எழுதினது

அடுத்த நாள் எங்க டீம்ல இருந்த ஒரு தங்கச்சி, அந்தப் பொண்ணு, அவங்க அம்மா மூணு பேரும் கிளம்பி விழுப்புரத்துல இருக்கற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிக்கே போய்ப் பாத்துட்டு வந்தாங்க. இந்த மாவட்டத்துலயும் சுத்துவட்டாரத்துலயும் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, ஆரணின்னு அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரிங்க இருக்கறதே நிறைய வீட்டுக்குத் தெரியாது. அண்ணா யுனிவர்சிட்டின்னா மெட்ராஸ்ல கிண்டின்னுதான் நெனச்சிட்டு இருக்காங்க. ஊருலேர்ந்து டவுன் பஸ், 2021 மே மாசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கு சாதா டவுன் பஸ்ல டிக்கெட் இல்லையே, அதனால ஊருலேர்ந்து டவுன் வரைக்கும் செலவே இல்ல. எந்த பஸ்ஸ விட்டா அடுத்து எது, எந்த ஸ்டாப்ல எறங்கணும், அங்கேர்ந்து காலேஜ் கேட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, எல்லாத்தையும் அந்த தங்கச்சி குறிச்சிட்டு வந்தா. அம்மா கிளாஸ் ரூம எட்டிப் பாத்தாங்க, லேடீஸ் பாத்ரூம் எங்கன்னு கேட்டுப் போய் பாத்தாங்க, செக்யூரிட்டிகிட்ட "சாயந்தரம் எத்தன மணிக்கு வுடுவீங்க"ன்னு கேட்டாங்க, கேண்டீன்ல டீ குடிச்சாங்க. திரும்பி வரும்போது பஸ்ல முழுக்க அவங்கதான் பேசிட்டு வந்தாங்களாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்ட திருப்பி வாங்கறதுதான் பெரும்பாடு. மாணவர்களோட அசல் சான்றிதழ எந்தக் கல்லூரியும் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லியாச்சு. அந்த விதிய ஹெட்மிஸ்ட்ரஸ் ஸ்கூல் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதமா எழுதிக் குடுத்து, ஃபோன்லயும் கொஞ்சம் கண்டிப்பா பேசின பிறகு மார்க் ஷீட்டும் டிசியும் வந்துச்சு. அட்வான்ஸ் ஐயாயிரம் வரல. அந்த அப்பாவுக்கு அது எத்தனை நாள் கூலின்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதுக்கப்புறமும் ஒரு கஷ்டம் இருந்துச்சு, அத பத்தி யாரும் பேசறதில்ல. காத்திருக்கறது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு மே மாசமே ரிஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்சிடும், ஆனா அலாட்மெண்ட் வர்றதுக்கு ஜூலை கடைசி ஆகஸ்ட்னு ஆகும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு கைல எதுவும் இல்ல. புரோக்கர் அன்னைக்கே "சீட் கன்ஃபார்ம்"னு ஒரு ரசீதக் குடுத்துட்டாரு, நம்ம பக்கம் இருக்கறது "வெயிட் பண்ணுங்க" மட்டும்தான். அக்கம்பக்கத்துப் பசங்க எல்லாம் "நான் சேர்ந்துட்டேன்"னு சொல்லும்போது இந்தப் பொண்ணு மட்டும் ஒண்ணுமில்லாம நிக்கணும். தெருவுல போறவங்க "இன்னும் எங்கயும் சேக்கலையா"ன்னு கேப்பாங்க. ஜூன் கடைசில அந்த அப்பா ஒருநாள் எனக்கு ஃபோன் பண்ணி, "தம்பி, நிச்சயமா கெடைக்குமா, இல்ல பேசாம அங்கயே சேத்துடவா"ன்னு கேட்டாரு. அவர் குரல்ல கோவம் இல்ல, பயம்தான் இருந்துச்சு. அதனால நாங்க இப்ப எல்லா பசங்களையும் மே மாசமே பக்கத்து அரசு கலைக் கல்லூரிலயும் அப்ளை பண்ண வெச்சு, கெடைச்சா ஒரு சீட்ட கைல வெச்சுக்கச் சொல்றோம். அங்க கவுன்சலிங் முன்னாடியே முடியும், ஃபீஸ் ரொம்பக் கம்மி. இன்ஜினியரிங் வந்தா மாறிக்கலாம், வரலன்னா பிஎஸ்சி கணக்கு. அந்த மாதிரி மாறும்போது கொஞ்சம் பேப்பர் வேலை உண்டுதான், ஆனா வீட்டுல அந்தப் பயம் பாதியா குறைஞ்சிடுது.

சாய்ஸ் ஃபில்லிங்ல, அதாவது எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச் வேணும்னு ஆன்லைன்ல வரிசை போடுறதுல, இன்னொரு விஷயம் கவனிக்கணும். சில புரோக்கருங்க லாகின், பாஸ்வேர்ட், ஓடிபி எல்லாத்தையும் வாங்கிட்டு அவங்களே சாய்ஸ் போட்டுடுறாங்க, முதல் அம்பது சாய்ஸும் அவங்க காலேஜாவே இருக்கும். பசங்களுக்கு தெரியவே தெரியாது, ஏதோ கம்ப்யூட்டர் குடுத்துச்சுன்னு நெனச்சுப்பாங்க. அந்தப் பொண்ணோட சாய்ஸ அவளையே உக்கார வெச்சுதான் போட்டோம். ஒவ்வொரு காலேஜுக்கும் போன வருஷம் 7.5ல எந்த மார்க் வரைக்கும் போச்சுன்னு பாத்து, தூரம் எவ்வளவுன்னு பாத்து, வரிசைய அவளே எழுதினா. சிவில் வேணும்னா. டீம்ல ஒருத்தர் கம்ப்யூட்டர் போடச் சொன்னாரு, அவளுக்கு இஷ்டமில்ல, அப்பா கட்டட வேலை பாக்கற எடத்துல இன்ஜினியர் வந்து பிளான் விரிச்சுப் பாக்கறத சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கா. சரின்னு விட்டோம். அலாட்மெண்ட் வந்ததும் அதுல இருக்கற ஆப்ஷன் இருக்கே, ஏத்துக்கிட்டு சேர்றது, ஏத்துக்கிட்டு மேல கெடைக்குமான்னு பாக்கறது, வேண்டாம்னு சொல்லி மேல பாக்கறது, அதுல தப்பா ஒண்ணு அமுக்கினா சீட்டே போயிடும். குறிப்பிட்ட நாளுக்குள்ள நேர்ல போய் சேரலன்னாலும் போயிடும். மார்க் எல்லாம் இருந்து, அலாட்மெண்டும் வந்து, அந்த சில நாள்ல பாட்டி செத்ததுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததால சீட்ட விட்ட பையன் ஒருத்தன எனக்குத் தெரியும்.

அவ கேட்ட சிவிலே விழுப்புரத்துல கெடைச்சுது. இப்ப ரெண்டாவது வருஷம்.

வேன்ல ஏறினவங்க

நல்லபடியா முடிஞ்ச கதைய மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மையா இருக்காது. அதே வருஷம் அதே கிளாஸ்ல ஒரு பையன், அவளவிட அஞ்சு மார்க் கூட, வேன்ல ஏறி ஓசூர் போயிட்டான். நாங்க அவன் வீட்டுக்கும் போனோம். அவங்க அம்மாவுக்கு பஸ் கேள்வியே கிடையாது, பையன் எங்க வேணா போவான். அவங்க கேள்வி வேற, தங்கச்சி காது குத்துக்கு வாங்கின கடன். மாசம் பதினாலாயிரம் வருதுங்கும்போது "நாலு வருஷம் படி"ன்னு சொல்ற எங்க பேச்சுக்கு அங்க எடை இல்ல. தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபா நல்ல காசு, ஆனா அது காலேஜ் சேர்ந்த பிறகுதான் வரும். ஸ்காலர்ஷிப் இன்னும் தள்ளி வரும். ஜூன் மாசத்துல வீட்டுக்கு வேண்டிய காசு ஜூன்லயே வேணும். "ஒரு வருஷம் வேலை பாத்துட்டு அடுத்த வருஷம் சேர்றேண்ணா"ன்னு சொன்னான், மனசாரத்தான் சொன்னான். அப்படிச் சொல்லிட்டுப் போனவங்கள்ல திரும்பி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். கைல காசு பொழங்க ஆரம்பிச்சு, வீடும் அத நம்ப ஆரம்பிச்ச பிறகு எப்படி வருவாங்க? அவன்கிட்ட இப்பவும் பேசிட்டுதான் இருக்கேன். வேலை பாத்துட்டே படிக்கற மாதிரி தொலைதூரக் கல்வில பிகாம் சேர வைக்கலாமான்னு பாக்குறேன், ஷிப்ட்ல நின்னு நின்னு வர்றவனுக்கு புக்க தொறக்க தெம்பு இருக்குமான்னும் யோசனையா இருக்கு.

அரசு பக்கம் ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா அது பொய். நான் முதல்வன் திட்டத்துல, பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்னு வழி சொல்ற கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்குது. சேராம விட்டுப்போன பசங்கள கூப்பிட்டு சர்டிபிகேட், லோன், அட்மிஷன் எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்கற உயர்வுக்குப் படி முகாம் ரொம்ப உருப்படியான யோசனை, அங்க வந்து ஒரே நாள்ல சேர்ந்த பசங்கள நானே பாத்திருக்கேன். பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417க்கு ஃபோன் போட்டா பதில் சொல்றாங்க. 2021-22 கணக்குப்படி காலேஜ் வயசுல இருக்கறவங்கள்ல உயர்கல்வில சேர்றவங்க விகிதம் தமிழ்நாட்டுல 47 சதவீதம், நாடு முழுக்க சேத்துப் பாத்தா 28.4. இது யாரோ சும்மா குடுத்தது இல்ல, பல வருஷமா போட்ட உழைப்பு. 2007லேர்ந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லாம பிளஸ் டூ மார்க்கே போதும்னு ஆனதால உள்ள வந்த கிராமத்துப் பசங்க எத்தனை பேரு! அதனாலதான் சொல்றேன், கதவு எல்லாம் திறந்துதான் இருக்கு, வீட்டுலேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் கைய புடிச்சு கூட்டிட்டுப் போற ஆளுதான் குறைச்சல். டீச்சருங்க செய்யறாங்க, ஆனா லீவ்ல, சொந்தக் காசுல, சொந்த வண்டில. ஒரு கிளாஸ்ல அறுபது பேருன்னா ஒரு டீச்சர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்?

இந்த வருஷம் செய்யப்போறது

நல்ல மனசுக்காரங்க நிறைய பேரு "ஒரு பொண்ணு ஃபீஸ் நான் கட்டறேன், ஆள சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க. அவங்ககிட்ட நான் இப்ப வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சிருக்கேன். ஃபீஸ அரசே கட்டற வழி இருக்கற பசங்களுக்கு அத விடுங்க. அதுக்குப் பதிலா மே மாசம் ரெண்டு வாரம் வண்டிக்கு பெட்ரோல் போட்டுக் குடுங்க, இ-சேவை செலவு குடுங்க, கவுன்சலிங் ரிஜிஸ்ட்ரேஷன் 500 இல்லன்னா 250 கட்ட வழியில்லாத பசங்களுக்குக் குடுங்க, ஸ்காலர்ஷிப் வர்ற வரைக்கும் முதல் ரெண்டு மாசம் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஒரு சின்னத் தொகை குடுங்க. உங்களால முடிஞ்சா ஒரு சனிக்கிழமை நீங்களே வந்து ஒரு அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டுப் போய் ஒரு காலேஜ காட்டிட்டு வாங்க. காசு குடுத்தா படம் எடுத்துப் போடலாம், இதுல படம் எடுக்க ஒண்ணுமில்ல, ஆனா வேலை இங்கதான் நடக்குது.

எங்க டீம் பக்கம் இப்ப அரையாண்டு லீவ்லயே பிளஸ் டூ பசங்க பேப்பர எல்லாம் வாங்கிப் பாத்துடுறோம். பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஆதார்லயும் ஸ்கூல்லயும் ஒண்ணா இருக்கா, சாதிச் சான்றிதழ் ஆன்லைன்ல எடுத்ததா, பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட சேர்ந்திருக்கா, ஃபோன் நம்பர் வீட்டுலயே இருக்கற நம்பரா. அப்பாவும் அம்மாவும் கூட இருக்கற நேரமா பாத்து, அதாவது ராத்திரி ஏழு மணிக்கு மேல, வீட்டுக்குப் போறோம். சேர்ந்த பிறகும் தீபாவளி வரைக்கும் வாரம் ஒரு ஃபோன் போடுறோம். தமிழ் மீடியத்துல படிச்ச பசங்களுக்கு முதல் செமஸ்டர்தான் பெரிய கண்டம், கிளாஸ்ல இங்கிலீஷ்ல சொல்றது எதுவும் புரியாம, யார்கிட்டயும் சொல்லாம, ஒருநாள் பேசாம வீட்டுக்கு வந்துடுறாங்க. அந்த சமயத்துல அதே காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கற ஒரு அக்காவோ அண்ணனோ "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அந்த சப்ஜெக்ட் நோட்ஸ் நான் தரேன்"னு சொன்னா நின்னுடுறாங்க.

அப்புறம் அந்தப் பேப்பர். எங்க ஒன்றியத்துல இருக்கற ஒவ்வொரு ஸ்டாப்லேர்ந்தும், பக்கத்துல இருக்கற ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும், பாலிடெக்னிக்குக்கும் எந்த பஸ், காலைல எத்தன மணி, எங்க மாறணும், சாயங்காலம் ஊருக்கு எத்தன மணிக்கு வரும், அதே ரூட்ல ஏற்கனவே போயிட்டு இருக்கற சீனியர் பொண்ணு யாரு, ஹாஸ்டல் வேணும்னா யாரப் பாக்கணும், எந்த மாசம் எவ்வளவு காசு வேணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு இருக்கோம். பாதி ஊரு முடிஞ்சுது. மேக்கால இருக்கற ஊருங்களுக்கு காலைல ஏழரைக்கு மேல பஸ்ஸே இல்ல, அங்கேர்ந்து எந்தக் காலேஜுக்கும் நேரத்துக்குப் போக முடியாது, அதனால டிப்போவுக்கு ஒரு மனு எழுதியிருக்கோம். அந்த ரூட்ல காலேஜ் போற பசங்க எத்தனை பேருன்னு லிஸ்ட் கேட்டிருக்காங்க, பேரு சேத்துட்டு இருக்கோம். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச பிளஸ் டூ பசங்க இருந்தா ஊரு பேரும் பஸ் ஸ்டாப் பேரும் மட்டும் சொல்லுங்க, ஏப்ரலுக்குள்ள குடுத்தாதான் ரிசல்ட்டுக்கு முன்னாடி அவங்க முடிவு பண்ணுவாங்க.